பஜ்ஜி சமாதானம்

எந்த ஊர் டீக்கடை பெஞ்சிலும் ஒரு சமாதானசாமி உண்டு. வீட்டில் வைத்த பெயர் வேறு. அதை யாரும் கேட்டதில்லை. "இங்கு அரசியல் பேசாதீர்" என்று கடைக்காரர் ஒட்டிய தாளுக்கு நேர் கீழேதான் உட்காருவார். தாளுக்குப் பக்கத்திலேயே மூன்று கட்சிக் காலண்டர்கள் தொங்குவது வேறு கதை.

இவருக்கு ஒரு பக்கம் கருப்புச் சட்டைத் தோழர், மறுபக்கம் சபரிமலைக் குருசாமி. பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளிகள். ஆண்டில் பத்து மாதம் பிரச்சினை இல்லை. கார்த்திகை பிறந்தால் இருவரும் கருப்பு. புதிதாக வந்த மாஸ்டர், "சாமிக்கு சர்க்கரை கம்மியா?" என்று தோழரிடம் பணிவாகக் கேட்டுவிட்டார். குருசாமி குலுங்கிச் சிரித்தார். தோழர் கிளாஸை டக்கென்று வைத்தார். பேச்சு கோயில் உண்டியலில் கிளம்பி அறநிலையத் துறை வழியாகப் போன தேர்தல் கூட்டணிக்குப் போய் நின்றது.

சமாதானசாமி முதல் சுற்றில் வாயே திறக்கமாட்டார். "உங்க தலைவர்" என்பது "உன் தலைவன்" ஆன பிறகுதான் தொண்டையைச் செருமுவார்.

"ராஜாஜியோட கல்வித் திட்டத்தைக் குலக்கல்வின்னு எதிர்த்தவரு யாரு? பெரியார். 1972ல ராஜாஜி செத்தப்போ சுடுகாட்டுக்கே போய் அழுதவரு யாரு? அவரேதான். நீங்க ரெண்டு பேரும் அவங்களவிடப் பெரிய ஆளா?"

ஆமாம் என்று யார் சொல்வது? அந்த அரை நிமிட மௌனத்தில், "மாஸ்டர், ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி!" சூட்டுப் பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டு பகுத்தறிவு பேச முடியாது, ஊதத்தான் முடியும். குருசாமி விரதம், டீயோடு சரி. அவர் பங்கும் சமாதானசாமிக்கே. காசு? குரலை உயர்த்தியவர் கொடுக்க வேண்டும் என்பது இவர் போட்ட சட்டம். இவர் குரலை உயர்த்தியதே கிடையாது.

உண்மையில் அந்த இருவருக்கும் நடுவர் தேவையே இல்லை என்பது என் கட்சி. போன வருஷம் குருசாமி இருமுடி கட்டிய இரவு, பூஜை முடியும்வரை வாசலில் நின்று, அவரை ஸ்கூட்டரில் ஏற்றிப்போய் பஸ்ஸில் விட்டவர் தோழர்தான்.

நேற்று நல்ல மழை. எண்ணெயில் பஜ்ஜி பொரிகிறது. இருவரும் ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். சமாதானசாமி சட்டியைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"ஆமா தோழர், உண்டியலைப் பத்தி குருசாமி அன்னைக்கு ஒண்ணு சொன்னாரே, அதை அப்படியே விட்டுட்டீங்களே?"