குடியேறும் உத்தேசம்

ஆடி மாதத்தில் பிறந்தகம் போன பெண், ஆவணி பிறந்ததும் திரும்பி வருவாளா, அல்லது தாயார் கைச் சமையலில் மயங்கி அங்கேயே தங்கிவிடுவாளா என்று புதிதாக விவாகமான கணவன் கவலைப்படுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை; அந்தக் கவலைக்கு நம் தேசத்தில் நெடுங்காலத்துப் பாத்தியதை உண்டு. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு என்னை மணந்துகொண்ட என் தர்மபத்தினி, என்னுடனேயே புறப்பட்டு, என்னுடனேயே மூன்று வாரம் தங்கி, என்னுடனேயே கும்பகோணத்துக்குத் திரும்பிவிடுவதாகச் சத்தியம் செய்யும்போது, அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குப் பதிலாக ஒரு வல்லரசு கவலைப்படுகிறது என்றால், அதற்கு நான் நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் தஞ்சை ஜில்லாவில் பிறந்து, ஓஹையோ மாகாணத்தில் பல்லாண்டு உத்தியோகம் பார்த்து, இடையில் அமெரிக்கப் பிரஜையும் ஆகி, ஓய்வு பெற்றதும் காவேரிக் கரையே கதி என்று வந்து சேர்ந்தவன். பிரம்மசாரியாக வந்தவனை அப்படியே இருக்க விடுவது ஊருக்குக் கௌரவம் அல்ல என்று உறவினர்கள் தீர்மானித்ததன் விளைவாக, பக்கத்துத் தெருவில் பெண் குழந்தைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ‘பாட்டு டீச்சர்’ எனக்கு வாழ்க்கைத் துணையானாள். இருவரும் பிறந்தது ஒரே தாலுகா. ஆயினும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு அவள் என் அந்நிய மனைவி. இந்தியச் சட்டத்தின் கண்ணுக்கோ நான்தான் அந்நியன். இருந்தும், 2005-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் புண்ணியத்தில் என் கையில் ஓ.சி.ஐ. அட்டை ஒன்று இருப்பதால், ஆயுள் பரியந்தம் விசா என்ற வார்த்தையே இல்லாமல் நான் இந்த நாட்டுக்கு வரலாம், போகலாம், இங்கேயே கிடக்கலாம். அவளுடைய தேசம் எனக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்க, என்னுடைய தேசம் அவளுக்கு மூன்று வாரம் திண்ணையில் உட்கார இடம் கொடுப்பதற்கு இத்தனை யோசிக்கிறது.

அவள் அமெரிக்கா போக ஆசைப்பட்டதற்கு நயாகராவும் காரணம் அல்ல, சுதந்திர தேவியின் சிலையும் காரணம் அல்ல. 1978 முதல் ஆண்டுதோறும், ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி, ஓஹையோவின் கிளீவ்லாண்டு நகரத்தில் தியாகராஜ ஆராதனை நடந்து வருகிறது. வெளியே ஏரிக்காற்று எலும்பைத் துளைக்க, உள்ளே பட்டுப் புடவைகளும் அங்கவஸ்திரங்களுமாக ஜனங்கள் அமர்ந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைக் கோஷ்டியாகப் பாடும் காட்சியை நான் பல தடவை அவளுக்கு வர்ணித்திருக்கிறேன். விவாகமான புதிதில் கணவன்மார் தம் பிரதாபங்களைச் சொல்வது வழக்கம்; எனக்குச் சொல்லிக்கொள்ள அந்த ஒன்றுதான் இருந்தது. அதை நேரில் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

அமெரிக்க விசாவுக்கான முதல் நேர்காணலின்போது நான் வெளியே நடைபாதையில் நின்றேன். உள்ளே நடந்ததை அவள் வந்து ஸ்வரம் பிசகாமல் ஒப்பித்தாள். அதிகாரி இளைஞராம்; மரியாதைக்குக் குறைவில்லையாம். தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். திருவையாற்றில் என்று இவள் சொன்னாள். உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? காலை பஸ்ஸில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அப்படியானால் அவருடைய ஆராதனையைக் கேட்பதற்குப் பூமியின் மறுபக்கத்துக்கு எதற்காகப் போகிறீர்கள்? இந்தக் கேள்வியின் நியாயத்தை நான் மறுக்க மாட்டேன். இதே கேள்வியை என் மாமியாரும் கேட்டிருக்கிறார். பாட்டு டீச்சர் சற்றும் தயங்காமல், “திருவையாற்றில் எனக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை” என்று பதில் சொன்னாள். உண்மைதான். ஆனால், தன் நாட்டில் உட்கார இடமில்லை என்று ஒரு பெண் சொன்னால், குடியேற்றச் சட்டம் படித்த ஒருவர் அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சம்பாஷணை மூன்று நிமிஷத்துக்குள் முடிந்தது. அச்சிட்ட காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்து, வணக்கமும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காகிதத்தில் 214(பி) என்ற பிரிவு காணப்பட்டது. 1952-ம் ஆண்டில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட மறுத்தும், காங்கிரஸ் சபை அவரை மீறி நிறைவேற்றிய குடியேற்றச் சட்டத்தைச் சேர்ந்தது அது. வாசலில் வந்து நிற்பவர் ஒவ்வொருவரும் குடியேறவே வந்திருக்கிறார் என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று அதிகாரியின் மனம் திருப்தியடையும்படி நிரூபிப்பது வந்தவருடைய பாரம். இதுவே அந்தப் பிரிவின் சாரம். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனைக்கூட நிரபராதி என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளும் தேசத்தில், கீர்த்தனை கேட்கப் போகிறவளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. மேல்முறையீடும் கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்ற தாராளம் மட்டும் உண்டு. கட்டணத்தையும் அத்தனை முறை கட்டலாம்.

இந்தச் சந்தேகத்திலிருந்து விலக்குப் பெற்றவர்களும் இருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. எச்-1பி விசாவில் போகும் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர்கள், திரும்பி வரும் உத்தேசமும் தங்கிவிடும் உத்தேசமும் ஆகிய இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம் என்று 1990-ம் ஆண்டுச் சட்டம் அனுமதித்திருக்கிறது. அவர்களுடைய மனைவிமாருக்கும் அந்த உரிமை உண்டு. என் மனைவியின் சிஷ்யைகளில் ஒருத்தி, அப்படிப்பட்ட உத்தியோகஸ்தர் ஒருவரை மணந்துகொண்டு, விவாகமான சில மாதங்களுக்குள் ஓஹையோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்நியனுடைய மனைவி போய்விட்டாள். பிரஜையின் மனைவி கும்பகோணத்தில் இருக்கிறாள். இந்த விசித்திரத்தை நான் விளக்கியபோது, “நீங்கள் பிரஜையாகாமல் இருந்திருந்தால் நான் இந்நேரம் கிளீவ்லாண்டில் இருந்திருப்பேன்” என்றாள் மனைவி. தர்க்கத்தில் பழுது இல்லை.

முதல் தடவை நாங்கள் கொண்டுபோன தஸ்தாவேஜுகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. விவாகப் பதிவுச் சான்று, மாலையும் கழுத்துமாக எடுத்த படங்கள், இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு என்று, எங்கள் தாம்பத்தியம் எத்தனை உறுதியானது என்பதற்கு என்னென்ன அத்தாட்சி உண்டோ அத்தனையும் பையில் இருந்தன. அமெரிக்கப் பிரஜையான கணவனிடம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பிரியம் உண்டோ, அவ்வளவுக்கு அவள் அமெரிக்காவில் தங்கிவிடுவாள் என்பது அனுமானம். ஆகையால், விசாவுக்கு உகந்த மனைவி கணவனிடம் அதிகப் பற்று இல்லாதவளாகவும், தாயாரையும் நிலபுலன்களையும் விட்டு ஒரு நாள்கூடப் பிரிந்திருக்க முடியாதவளாகவும் இருக்க வேண்டும். கணவனே அமெரிக்காவை விட்டுவிட்டு மனைவியின் ஊருக்கு வந்து குடியிருக்கக்கூடும் என்ற சாத்தியம் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போலும். கும்பகோணத்தை அவர்கள் பார்த்ததில்லை.

அடுத்த தடவை பிரியத்தை வீட்டில் வைத்துவிட்டு, வீட்டுப் பட்டாவையும், மாமியாரின் மருத்துவச் சான்றையும், சிஷ்யைகளின் ஜாபிதாவையும் எடுத்துக்கொண்டு போனாள். சம்பளச் சீட்டு எங்கே என்பதில் வந்து நின்றது விஷயம். பாட்டு டீச்சருக்குச் சம்பளச் சீட்டு ஏது? சிலர் மாதாமாதம் பணம் கொடுப்பார்கள். சிலர் தோட்டத்துக் கத்தரிக்காய் அனுப்புவார்கள். விஜயதசமியன்று தட்டில் வெற்றிலை பாக்குடன் தட்சிணை வரும். இவற்றைக் கிரமமான வருமானமாக்கி ஓர் ஆடிட்டர் நண்பர் அழகாக ஓர் அறிக்கை தயாரித்துக் கொடுத்தார். அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றித் தனியே ஒரு காவியம் எழுதலாம். இரண்டு அங்குலச் சதுரத்தில், வெள்ளைப் பின்னணியில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்த புகைப்படத்தில் என் மனைவி யாரோ ஒருத்தியாகத் தோன்றுகிறாள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் ஏதாவது குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா என்று ஒரு கேள்வி. கோத்திரம், சூத்திரம் வரை சொல்ல அவள் தயாராக இருந்தாள், கட்டத்தில் இடம் போதவில்லை. வேவு பார்க்கும் உத்தேசம் உண்டா? சிறுவர்களைப் பட்டாளத்தில் சேர்த்ததுண்டா? பிறரைப் பலவந்தப்படுத்தி அவர்களுடைய உடலுறுப்புகளை எடுத்துப் பொருத்தியதுண்டா? அபஸ்வரம் பாடிய பிள்ளைகளை அதட்டியதைத் தவிர வேறு எந்த ஹிம்சையும் அறியாத பாட்டு டீச்சர், ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று பதில் கொடுத்துக்கொண்டே வந்து, இதற்கு முன் உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்வியில் மட்டும் ஆம் என்று எழுத வேண்டியிருந்தது. ஒரு மறுப்பு அடுத்த மறுப்புக்குச் சாட்சியாகிறது. இந்தப் பரம்பரைக்கு முடிவு கிடையாது.

ஊரில் யோசனை சொல்வதற்கு ஆட்கள் குறைவில்லை. விவாகமாகவில்லை என்று எழுதிவிடுங்கள் என்றார் ஒரு பெரியவர். பொய் சொன்னது வெளிப்பட்டால் ஆயுள் தடை விழும் என்று சொன்னதும், “அப்படியானால் வேண்டாம்” என்று உடனே வாபஸ் வாங்கிக்கொண்டார். ஹைதராபாத்துக்கு அருகே சில்குரில் எழுந்தருளியிருக்கும் பெருமாளை ‘விசா பாலாஜி’ என்றே ஜனங்கள் அழைக்கிறார்கள், அங்கே போய் வாருங்கள் என்றார் இன்னொருவர். போனோம். வேண்டுதலுக்குப் பதினொரு பிரதட்சிணம். காரியம் கைகூடினால் வந்து நூற்றெட்டு. அந்தக் கோயிலில் உண்டியல் இல்லை, காணிக்கை வாங்குவதில்லை. விசா விண்ணப்பத்துக்கோ 2023 ஜூன் முதல் 185 டாலர் கட்டணம்; பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது; கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திருப்பித் தருவதில்லை. பெருமாள் காரியம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்கிறார். சர்க்கார் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. இரண்டில் எது நம்பிக்கையின்பேரில் நடக்கும் ஸ்தாபனம் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போனவர்களின் சரித்திரம் உற்சாகம் தருவதாக இல்லை. எலன் நாஃப் என்ற ஜெர்மன் பெண்மணி, அமெரிக்கக் கணவனை மணந்து 1948-ல் கப்பலேறி நியூயார்க் வந்தபோது, ரகசியக் காரணம் என்று சொல்லி எல்லிஸ் தீவில் தடுத்து வைக்கப்பட்டார். அது சரிதான் என்று 1950-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரிகைகளும் பொதுஜனங்களும் ஓயாமல் குரல் கொடுத்த பிறகு 1951-ல்தான் அவரை உள்ளே விட்டார்கள். 2024 ஜூனிலும், எல் சால்வடார் நாட்டுக் கணவருக்காக வழக்காடிய சாண்ட்ரா முன்யோஸ் என்ற பிரஜையிடம், அந்நிய நாட்டுக் கணவனையோ மனைவியையோ தேசத்துக்குள் அழைத்துக்கொள்வது பிரஜைக்குரிய அடிப்படை உரிமை அல்ல என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1855-ம் ஆண்டுச் சட்டப்படி, பிரஜையை மணந்த அந்நியப் பெண் அந்தக் கணமே பிரஜையாகிவிடுவாள். 1922 வரை அந்த வழக்கம் இருந்தது. அந்தப் பொற்காலத்தில் நாம் மணந்திருக்கக் கூடாதா என்று ஒரு நாள் ஏங்கினேன். ஆனால் அந்தச் சலுகை பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியது என்பதும், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்று 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் முடிவாயிற்று என்பதும், 1946-ல்தான் இந்தியர்களுக்குப் பிரஜையாகும் வழி திறந்தது என்பதும் ஞாபகம் வந்தன. ஏக்கத்தை விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் மேலாக, இந்த விவகாரத்தின் சிகரம் என்று நான் கருதுவது வேறொன்று. பிரஜையின் மனைவியானவள் நிரந்தரமாகக் குடியேற விரும்பினால், அதற்கு ராஜபாட்டை இருக்கிறது. நான் மனுப் போட வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். அவளைப் போஷிப்பேன் என்று பிரமாணப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்தப் பத்திரம் செல்ல வேண்டுமானால் என் குடியிருப்பு அமெரிக்காவில் இருக்க வேண்டும். பச்சை அட்டை கிடைத்த பிறகும், ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்துவிட்டால் அந்த அட்டையைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. ஆகவே, மூன்று வாரம் கீர்த்தனை கேட்பதற்காக நாங்கள் இருவரும் கும்பகோணத்தைக் காலி செய்துவிட்டு ஆயுள் பரியந்தம் ஓஹையோவில் வாசம் செய்வதாக உறுதி கூற வேண்டும். குடியேற மாட்டேன் என்று அவள் சொல்லும் மெய்யை நம்ப மறுக்கும் சட்டம், குடியேறுவேன் என்று ஒரு பொய் சொன்னால் இரு கையும் நீட்டி வரவேற்கச் சித்தமாக இருக்கிறது. அவள் மறுத்துவிட்டாள். “பாட்டுக் கேட்கப் போகிறவள் பொய் சொல்லிவிட்டுப் போனால், பாட்டு காதில் ஏறுமா?” என்று கேட்டாள்.

போன ஈஸ்டர் சமயத்தில் ஓஹையோவில் இருக்கும் சிஷ்யை, ஆராதனையில் தான் கோஷ்டியுடன் பஞ்சரத்தினம் பாடியதைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். பாட்டு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, கையில் தாளம் போட்டபடி முழுவதும் கேட்டாள். ஆரபி ராகக் கீர்த்தனை வந்ததும் கை நின்றது. காலப்பிரமாணம் ஓடுகிறது, இந்தப் பெண்ணுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், போனில் சொன்னால் ஏறாது, பக்கத்தில் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும் என்றாள். பிரயாணத்தின் காரணம் என்ற கட்டத்தில் இந்த முறை அதையே எழுதியிருக்கிறோம். கட்டணமும் கட்டியாகிவிட்டது.