ஒன்பதங்குலச் சுவரும் ஓராண்டுச் சந்தாவும்: மனைப்பட மென்பொருள் குறித்து ஓர் ஆராய்ச்சி

அரை கிரவுண்டு மனை வாங்கிப் பத்திரம் பதிந்த மறுநாள் மனிதருக்கு வரைகலை ஞானம் பிறக்கிறது. அதுவரை மளிகைக்கடை பில்லின் பின்புறத்தில்கூட ஒரு நேர்கோடு இழுத்தறியாதவர், டிராஃப்ட்ஸ்மேன் சதுர அடிக்குச் சில ரூபாய் வாங்கிக்கொண்டு முடித்துத் தரும் பிளானைத் தாமே கணினியில் வரையத் துணிகிறார். இத்துணிவின் மூலகாரணம் மருத்துவ நூலாரால் ஆராயத்தக்கது ஆதலின் ஈண்டு விடப்பட்டது. 2500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி என்று 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு அறிவித்த பின்னர் இந்நிலை முற்றியது என்பார் உளர். சான்றைத் தாமே தரலாம் என்றால் படத்தையும் தாமே போட்டுவிடலாம் என்று அவர்கள் பொருள்கொண்டார்கள் போலும். அடுத்து எழும் வினா ஒன்றே: காசு அதிகம் போகாமல் எந்த மென்பொருளில் வரைவது?

முன்னை ஆய்வாளர்கள் இதற்கு விடையை விலைப்பட்டியலில் தேடினர். அது பொருந்தாது என்பது நம் துணிபு. வரைபட மென்பொருளின் விலை அதன் உள்ளே இல்லை. படத்தை அடுத்துத் திறக்கப்போகிறவர் யார் என்பதில் இருக்கிறது. வீட்டம்மா பார்ப்பதற்கு இலவசம் போதும். இன்ஜினியர் திருத்துவதற்குப் போதாது. மேஸ்திரிக்கோ மென்பொருளே வேண்டாம்.

வரலாற்றைச் சுருக்கமாகக் கடப்போம். 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் என்பவர் தம் முனைவர் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்பதை ஆக்கி, ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு போட்டுக் காட்டினார். அவர் பயன்படுத்திய டிஎக்ஸ்-2 கணினிக்கே தனி அறை வேண்டியிருந்தது. அக்காலத்தில் ஒருவர் அதில் வீட்டுப் படம் வரைந்திருந்தால் முதலில் குறித்திருக்க வேண்டிய அறை அதுதான். 1982 டிசம்பரில் மேசைக் கணினிக்கு ஆட்டோகேட் வந்தது. 1993இல் அதன் மலிவுப் பதிப்பான எல்டி வந்தது. 2016இல் நிரந்தர உரிமம் விற்பது நின்று, எல்லாம் சந்தா ஆயிற்று. சொந்த வீடு கட்ட நினைப்பவர் அதன் படத்தை வாடகை மென்பொருளில் வரைய நேர்ந்த முரண் அவ்வாண்டில் தொடங்கியது என்க. முழு ஆட்டோகேட்டின் ஓராண்டுச் சந்தா, ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு டிராஃப்ட்ஸ்மேன் வாங்கும் கூலியைப் போலப் பல மடங்கு. ஆண்டுக்கு முப்பது வீடு கட்டுகிறவருக்கு இது செலவே அன்று. வாழ்நாளில் ஒரு வீடு கட்டுகிறவர் நிலை வேறு.

எனவே இலவச மதம் தோன்றியது. அதில் உட்பிரிவுகள் பல.

முதலாவது சுத்த இலவசம். லிப்ரேகேட் இவ்வகை. கியூகேட் என்பதிலிருந்து பிரிந்த கிளை. யாரும் எடுத்து ஆளலாம், மூலநிரலையும் திருத்தலாம். இரு பரிமாணக் கோடுகளுக்கு அப்பால் எதையும் தருவதாக அது வாக்களிப்பதில்லை. வீட்டுப் படத்துக்கு இரு பரிமாணத்துக்கு மேல் என்ன வேண்டும் என்பது அதன் தத்துவம், பெருமளவு சரியும்கூட.

இரண்டாவது நிலையா இலவசம். டிராஃப்ட்சைட் ஆண்டுக்கணக்கில் இலவசமாகக் கிடைத்து, 2019 டிசம்பர் 31உடன் அந்த இலவசப் பதிப்பு இயங்காமல் நின்றது. ஸ்கெட்ச்அப்பை 2006இல் கூகுள் வாங்கியது, 2012இல் டிரிம்பிளுக்கு விற்றது. கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்பு 2017உடன் முடிந்து, இப்போது இலவசம் உலாவிக்குள் மட்டும் இருக்கிறது. செல்வம் நில்லாது, இளமை நில்லாது என்று பாடிய நம் பெரியோர் இலவச மென்பொருளையும் அந்த அதிகாரத்தில் சேர்த்திருப்பர், அவர்களுக்குக் கரண்ட் இருந்திருந்தால்.

மூன்றாவது மாணவ இலவசம். பொறியியல் படிக்கும் மருமகன் பெயரில் பெற்று மாமனார் வரைவது. இது கல்விக்கு மட்டும் என்பது நிபந்தனை. முன்பெல்லாம் இப்படிப் பிறந்த படத்தை அச்சிட்டால் நான்கு ஓரத்திலும் ‘கல்விப் பதிப்பில் செய்தது’ என்ற முத்திரை விழும். அப்படத்திலிருந்து ஒரு கதவை எடுத்து வேறொரு நல்ல படத்தில் ஒட்டினால் அதற்கும் முத்திரை தொற்றும். ஒரு கதவால் ஓர் அலுவலகமே தீட்டுப்பட்ட காலம் அது.

நான்காவது பென்டிரைவ் வழி வருவது. ‘முதலில் வைரஸ் தடுப்பை அணைத்துவிடு’ என்பதே இந்நெறியின் முதற் கட்டளை. பூட்டைக் கழற்றிவிட்டுத் திருடனைக் காவலுக்கு வைக்கும் இம்முறையை விலையில்லாதது என்பது வழக்கு; ஆராய்ச்சிக்கு அது உடன்பாடன்று.

இனி, யார் திறப்பார் என்னும் வினாவுக்கு வருவோம். இன்ஜினியர் என்றால் டிடபிள்யூஜி, அதாவது ஆட்டோகேட்டின் கோப்பு வடிவம். அனுமதிக்குக் கையொப்பமிடுகிறவரிடம் லிப்ரேகேட்டின் டிஎக்ஸ்எஃப் கோப்பைக் கொடுத்தால் அவர் அதைத் திறப்பார். திறந்து, எழுத்துகள் இடம்பெயர்ந்திருப்பதைப் பார்த்து, ‘டிடபிள்யூஜில குடுங்க சார்’ என்பார். லிப்ரேகேட் அதைப் படிக்க முயலும், எழுதித் தராது. இங்கேதான் இலவசத்தின் எல்லைக்கல் நடப்பட்டுள்ளது.

டிடபிள்யூஜி கோப்பின் காலத்தைக் கணிக்க நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்தைப் படித்தால் போதும் என்பது கல்வெட்டியலாருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஏசி1015 என்றிருந்தால் அது 2000ஆம் ஆண்டு வடிவம். ஏசி1021 எனில் 2007. ஏசி1032 எனில் 2018. அதற்குப் பின் வருவதெல்லாம் சிதைந்த எழுத்து, வாசிக்க முயலற்க. இன்ஜினியரிடம் பழைய பதிப்பு இருந்து நாம் புதிய வடிவத்தில் அனுப்பினால் கோப்பு திறக்காது. அப்போது அவர் நம்மைக் குறைகூறுவார், நாம் அவரைக் குறைகூறுவோம். உண்மையில் பழி அந்த ஆறு எழுத்தின் மீது. சேமிக்கும்போதே 2007 அல்லது 2010 வடிவத்தைத் தேர்ந்துகொள்வது இல்லற ஒழுக்கம்.

டிடபிள்யூஜி ஆட்டோகேட்டின் தனிச்சொத்து என்று எண்ணியிருந்த காலம் 1998இல் மாறத் தொடங்கியது. அவ்வாண்டில் உருவாகி, இன்று ஓப்பன் டிசைன் அலையன்ஸ் என வழங்கும் கூட்டமைப்பு அவ்வடிவத்தைப் படித்து எழுதும் நிரல்களை உறுப்பினர்க்கு வழங்கியது. அதன்பின் பெல்ஜியத்தின் பிரிக்ஸ்கேட், சீனத்தின் இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட் எனப் பங்காளிகள் பெருகினர். ஆட்டோகேட்டை விட விலை குறைவு. சந்தாவோடு நிரந்தர உரிமமும் விற்று வந்தவர்கள். இவற்றின் பெருஞ்சிறப்பு கட்டளைகள் மாறாமை. எல் தட்டினால் கோடு, டிஆர் தட்டினால் வெட்டு, ஓ தட்டி 9 என்றால் ஒன்பதங்குலச் சுவரின் மறுபக்கம். டிராஃப்ட்ஸ்மேனின் இடதுகை இதற்கெனவே பழகியது. அந்தக் கைக்கு மறுபயிற்சி கொடுக்கும் செலவைக் கூட்டினால் மலிவு மென்பொருள் மலிவாக இராது. நான் கணக்குப் பார்த்தவரை, சிறு அலுவலகம் நடத்தும் இன்ஜினியருக்கு இப்பங்காளிகளே சரியான இடம். ஒரே வீடு கட்டுகிறவருக்கு இதுவும் அதிகம்தான்.

அளவைகள் பற்றி ஒன்று. ஆட்டோகேட் வம்சத்தில் 1 என்பது 1 மட்டுமே. அது அங்குலமா மில்லிமீட்டரா என்பது வரைபவரின் மனசாட்சிக்கு விடப்பட்டது. அனுமதிப் படத்துக்கு மீட்டர், மேஸ்திரிக்கு அடி அங்குலம் என்று வாழும் நாட்டில் இது விபரீதம். முப்பதடி மனையை 360 அங்குலமாக வரைந்து, திறப்பவர் அதை மில்லிமீட்டராகக் கொண்டால் வீடு 25.4 மடங்கு சுருங்கும். முழம் அகலம்கூட இல்லாத மனைக்குக் கார் நிறுத்தம் காட்டியவர்கள் உண்டு.

ஆனால் எந்த அயல்நாட்டு நிறுவனமும் கருதாத சிக்கல் மனையடி. அறையின் உள்ளளவு 10 அடி, 11 அடி, 16 அடி எனில் நலம். 12 முதல் 15 வரை கூடாது என்று காலண்டரின் பின்புறமே அச்சிட்டிருக்க, எந்த மென்பொருளும் 13 என்று தட்டச்சியதும் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. முப்பதடி அகல மனையில் பதினாறடிக் கூடமும் பக்கத்தில் பத்தடி அறையும் வைத்துப் பாருங்கள். உள்ளளவு 26 அடி, மூன்று ஒன்பதங்குலச் சுவர் 2 அடி 3 அங்குலம், ஆக 28 அடி 3 அங்குலம். எஞ்சுவது 1 அடி 9 அங்குலம். இரு பக்கமும் பங்கிட்டால் பத்தரை அங்குலம். பூனை போகும், திரும்பாது. சாஸ்திரமும் நகரமைப்பு விதியும் ஒத்துப்போக வேண்டுமெனில் பதினொன்றும் பத்தும்தான்: 23 அடி 3 அங்குலம், மிச்சம் 6 அடி 9 அங்குலம். கூடம் சுருங்கியதே என்று மாமா கேட்பார். பதினாறை நீளவாக்கில் திருப்பிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இத்தகைய பேரங்களுக்கு ஏற்றது ஃப்ரீகேட். அளவுகளை ஓர் அட்டவணையில் எழுதிச் சுவர்களை அதனோடு பிணைத்துவிட்டால், 16ஐ 11 ஆக்கியதும் வீடே நகர்ந்து அமையும். இதுவும் சுத்த இலவசம். 2002இல் வெளிவரத் தொடங்கி, 2024 நவம்பரில்தான் தன்னை 1.0 என்று அழைத்துக்கொண்டது. இருபத்திரண்டு ஆண்டு ‘இன்னும் முடியவில்லை’ என்று தானே சொல்லிக்கொண்டிருந்த அடக்கம், சாக்கடை இணைப்புக்கு முன்பே கிரகப்பிரவேசத் தேதி கேட்கும் கட்டுமானத் துறையில் காணக் கிடைக்காதது. ஒரு பக்கத்தின் அளவை மாற்றினால், அதைச் சார்ந்த பிறிதொன்று தான் எதைச் சார்ந்திருந்தோம் என்பதையே மறந்துபோகும் பழைய நோய் அப்பதிப்பில் வெகுவாகத் தணிந்தது. கற்க நாளாகும். மாலைநேரங்களுக்கு விலை போடுகிறவர் இதன் பக்கம் போகாமலிருப்பது நலம்.

வீட்டாருக்குக் காட்ட வேண்டியது வேறு. தரைப்படத்தைப் பார்த்து வீட்டைக் கற்பனை செய்யும் ஆற்றல் எல்லார்க்கும் இல்லை. இருப்பதாகச் சொல்வோர்க்கும் இல்லை. பிரான்சின் எமானுவேல் புய்பரே ஆக்கிய ஸ்வீட் ஹோம் 3டி இதற்கெனவே பிறந்தது. மேலே சுவர் இழுத்தால் கீழே வீடு எழும்பும். அதனோடு வரும் சாமான் பட்டியலில் பியானோ உண்டு, குளியல் தொட்டி உண்டு. துளசி மாடம் இல்லை, ஆட்டுக்கல் இல்லை. அக்னி மூலையில் அடுப்பை வைத்துக் காட்டிய அன்றே ‘ஜன்னல் இந்தப் பக்கம் இருந்தா நல்லாருக்கும்’ என்று தொடங்கும். அன்று தொடங்கிக் கோப்புப் பெயர்கள் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் அண்ணி சொன்னது’ எனப் பெருகும். இந்த வரிசையில் எது மூத்தது என்பதைப் பாடபேத ஆராய்ச்சியாலன்றிக் கண்டறிய இயலாது.

கடைசி வாசகர் மேஸ்திரி. அவரிடம் போவது ஏ3 தாள். கறுப்புத் திரையில் பளிச்சென்றிருந்த மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் மறைந்துபோவதால், எல்லாவற்றையும் கறுப்பாக்கி அச்சிடுக. அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். முளை அடித்து, நூல் கட்டி, 3 அடி, 4 அடி, 5 அடி என்று டேப்பால் மூலை மட்டம் பார்த்து, சுண்ணாம்புத் தூளால் மொத்த வீட்டையும் தரையில் ஒன்றுக்கு ஒன்று அளவில் வரைவார். அவர் மென்பொருளுக்குச் சந்தா இல்லை. வரைவதற்கு முன் கேட்பது ஒன்றுதான்: ‘சென்டர் லைன் எங்க சார்?’ ஏனெனில் அவர் தோண்டுவது சுவரின் நடுக்கோட்டிலிருந்து; உள்ளளவு, மனையடி, முப்பரிமாணச் சோபா எதுவும் அவருக்கு உதவா. சென்டர் லைன் படத்தில் இருக்கவே இருக்கிறது. தனி லேயரில், சிவப்பில், அழகாக. பார்க்க நெரிசலாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் அச்சிடும் முன் அணைத்துவிட்ட லேயர் அது.