சொந்த ஊரில் உல்லாசப் பயணியாகப் பதிவு செய்யக் கோரும் விண்ணப்பம்

தலைவர்,
இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை,
காலி வீதி, கொழும்பு 03.

விடயம்: பொரளையில் வசிக்கும் இலங்கைப் பிரஜை ஒருவரை வெளிநாட்டு விருந்தினராக ஏற்றுக்கொள்ளல்

மதிப்புக்குரிய ஐயா,

நான் பொரளையில் வாடகைக்கு இருக்கும் தமிழன். தொழில் கணக்கு எழுதுவது. வரி ஒழுங்காகக் கட்டுகிறேன். தண்ணீர் பில்லிலும் கரண்ட் பில்லிலும் நிலுவை கிடையாது. ஆண்களை விரும்புகிற ஆண். தேசிய அடையாள அட்டையும் இருக்கிறது. என் விண்ணப்பத்துக்குக் குறுக்கே நிற்கப்போவது இந்த அடையாள அட்டைதான் என்று நினைக்கிறேன்.

2025 செப்டெம்பரில் தங்கள் சபை ஒரு நல்ல காரியம் செய்தது. ஈக்வல் கிரவுண்ட் அமைப்பு தன்பாலீர்ப்புப் பயணிகளை இலங்கைக்கு வரவேற்கும் திட்டமொன்றைக் கொண்டுவர, அதற்கு ஆதரவு தெரிவித்து நீங்கள் கடிதம் கொடுத்தீர்கள். செய்தியை வாசித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை முதலானோர் கண்டித்ததையும் வாசித்தேன். அந்தச் சச்சரவுக்குள் நான் வரவில்லை. என் கேள்வி சின்னக் கேள்வி: கட்டுநாயக்காவில் வந்து இறங்கும் ஒருவருக்குக் கிடைக்கப்போகும் அந்த வரவேற்பைப் பெற, கட்டுநாயக்காவுக்குப் போகாமலே இங்கே இருப்பவன் என்ன படிவம் நிரப்ப வேண்டும்?

சட்டம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கோவைக்குத் தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365ஆம் பிரிவு "இயற்கைக்கு மாறான" உறவுக்குப் பத்து வருடம் வரை சிறை வைத்திருக்கிறது. 365அ பிரிவு வேறொரு பெயரில் இரண்டு வருடம் வரை தருகிறது. இந்த இரண்டாவது பிரிவு முதலில் ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது. 1995இல் சட்டத்தைத் திருத்த உட்கார்ந்தவர்கள், "ஆண்" என்ற இடத்தில் "ஆள்" என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இந்த நாட்டில் பெண்களுக்குக் கேட்காமலே, போராடாமலே கிடைத்த சம உரிமை வேறு எது இருக்கிறதோ தெரியாது. 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, ஈக்வல் கிரவுண்டை நிறுவிய ரோசானா ஃபிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டை விசாரித்து, இது உரிமை மீறல் என்றே சொல்லிவிட்டது. நாங்களும் கேட்டுக்கொண்டோம், கேட்டதோடு சரி.

இந்தச் சட்டத்தை எங்களுக்கு எழுதித் தந்த வெள்ளைக்காரர், தங்கள் வீட்டில் 1967இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அதைத் தளர்த்திக்கொண்டார்கள். இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. தங்களுக்கு அதிகமான பயணிகளை அனுப்பும் நாடுகளின் வரிசையில் இந்தியா முன்னுக்கு நிற்கிறது, பிரிட்டனும் பக்கத்தில்தான். ஆக, சட்டத்தைத் தந்தவன் அதை விட்டுவிட்டு விடுமுறைக்கு வருகிறான். எங்களோடு சேர்ந்து வாங்கியவனும் விட்டுவிட்டு வருகிறான். பழைய பொருளைத் துடைத்துப் பாதுகாத்து வைத்திருப்பது நாங்கள். மரபுரிமைச் சுற்றுலா என்று தனியாக ஒரு பிரிவு தங்களிடம் இருந்தால் 365ஐ அதிலே சேர்த்துக்கொள்ளலாம். டிக்கெட்டும் போடலாம்.

இனி என் நிலைமை. கொழும்புத் தமிழன் வெள்ளவத்தையை விட்டுப் பொரளையில் ஏன் இருக்கிறான் என்று தாங்கள் கேட்கலாம். என் சித்தி தவறாமல் கேட்பார். வெள்ளவத்தையில் நல்ல கத்தரிக்காய் கிடைக்கும், நல்ல இடியப்பம் கிடைக்கும், கோயிலும் கிடைக்கும். கூடவே லிஃப்ட்டும் கிடைக்கும். ஸ்டேஷன் றோட்டுப் பக்கத்து ஃபிளாட் ஒன்றில், கீழ்த்தளத்திலிருந்து நான்காம் மாடிக்கு ஏறுவதற்குள் ஓர் அன்ரி கேட்டு முடிக்கக்கூடியவை: "தம்பி ஆற்றை மகன்? எங்க வேலை? இன்னும் கலியாணம் செய்யேல்லையோ?" ஐந்தாம் மாடிக்குப் போனால் கனடாவில் ஒரு பிள்ளை இருப்பதும் தெரியவரும், ஆறாம் மாடியில் சாதகம் கைக்கு வந்துவிடும். பொரளையில் நான் தமிழன் என்பது மட்டும்தான் தெரியும். வெள்ளவத்தையில் நான் யாருடைய மகன் என்று தெரியும். எது ஆபத்து என்று யோசித்துப் பார்த்துத்தான் வீடு எடுத்தேன். 154 பஸ் ஏறினால் வெள்ளவத்தை, 176 ஏறினால் கொட்டாஞ்சேனை. இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் சரியான தூரம்.

கொட்டாஞ்சேனையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என்னோடு ஒருவர் இருக்கிறார். அவருடைய அம்மா செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மகனுக்கு நல்ல இடத்தில் அமைய வேண்டுமென்று மெழுகுதிரி கொளுத்துகிறார். என் அம்மா பம்பலப்பிட்டிக் கதிரேசனுக்கு அதே வேண்டுதலை வைத்து வெள்ளிக்கிழமை விரதம். எங்களுக்கு எப்போதோ அமைந்துவிட்டது என்று இரண்டு தாய்மாருக்கும் யார் போய்ச் சொல்வது? அந்தோனியாரும் முருகனும் விடயம் தெரிந்தவர்கள் என்பதால் கோவையைக் கிடப்பில் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கார அன்ரி சிங்களவர். நல்ல மனுசி. சித்திரை வருசத்துக்குப் பாற்சோறும் கொக்கிஸும் தட்டில் வைத்து மூடி அனுப்புவார். நாங்கள் தீபாவளிக்கு முறுக்குப் போட்டு அதே தட்டைத் திருப்பி அனுப்புவோம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸுக்குப் படிவம் கொடுக்க வேண்டியிருந்தபோது அவர் பேனாவோடு மேலே வந்தார். தமிழர்களுக்கு இந்தப் படிவம் பழக்கமான சாமான். 2007 ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து ஆட்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிய காலத்தில் உயிரைவிடப் பெரிதாக இருந்தது பதிவுத் துண்டு. ஆகவே பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, வந்த காரணம் எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் தயார். "உறவு" என்றொரு கட்டம் இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தோம். அன்ரியே "கசின்" என்று எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தி, எங்கள் இரண்டு பேருக்கும் மூக்கு ஒரே மாதிரி என்றும் சொன்னார்.

ஒரு சலுகையை மறைத்தால் நான் நன்றி கெட்டவன். இந்த நாட்டில் கலியாணமாகாத ஓர் ஆணும் பெண்ணும் வாடகை அறை கேட்டால் விவாகப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். காலிமுகத்திடலில் குடைக்குள் ஒதுங்கும் சோடிகளின் பாட்டையும் தாங்கள் அறிவீர்கள். நாங்கள் இரண்டு ஆண்கள் போனால், "பொடியன்கள், பிரச்சினை இல்லை" என்று திறப்பைக் கையில் தந்துவிடுகிறார்கள். நாட்டின் ஒழுக்கத்தைக் காப்பவர்கள் இத்தனை வருடமாகத் தப்பான சோடியைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சலுகை ஏதாவது நடக்கும்வரைதான். என் நண்பர் ஒருவர், செயலி ஒன்றில் பேசிப் பழகியவரைச் சந்திக்கப் போனார். போன இடத்தில் மூன்று பேர் நின்றார்கள். கைப்பேசியைப் பறித்தார்கள், ஏ.ரி.எம்முக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் சொல்லிவிடுவோம் என்றார்கள். சம்பளப் பணம் முழுவதும் போயிற்று. முறைப்பாடு செய் என்று நான் சொன்னேன். "எங்கே போனாய், ஏன் போனாய் என்று முதல் கேள்வியே வருமே, அதுக்கு என்ன சொல்ல?" என்று அவர் கேட்டார். களவு கொடுத்தவன் தன் வாயால் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் களவைப் பற்றிப் பேச்சே தொடங்கும். வெளிநாட்டவர் ஒருவருக்கு இப்படி நடந்தால் தங்களுடைய 1912 இலக்கம் இருக்கிறது, சுற்றுலாப் பொலிஸ் இருக்கிறது, நாட்டின் நற்பெயர் என்ற ஒன்றும் இருக்கிறது. எங்களுக்கு இருப்பது 119. அதை அழுத்துவதற்கு முன் 365ஐ நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐயா, என் விண்ணப்பத்தின் சாரம் இந்த இரண்டு தொலைபேசி இலக்கங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

அதெல்லாம் பழைய சட்டம், யாரும் பயன்படுத்துவதில்லை என்று தங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். பொரளைக்குப் பக்கத்து மருதானையில் 2003இல் வாகனமொன்றுக்குள் பிடிபட்ட இரண்டு ஆண்களின் வழக்கு, 2016 நவம்பர் 30 வரை இழுபட்டு உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. வயதுவந்தவர்களின் சம்மதத்தில் அரசு தலையிடலாகாது என்ற எண்ணம் உலகில் வளர்ந்திருப்பதை நீதியரசர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சட்டம் சட்டம்தான் என்றும் சொன்னார்கள். குற்றத்தீர்ப்பு நின்றது, சிறைக்குப் போவது மட்டும் ஒத்திவைக்கப்பட்டது. யாரும் பயன்படுத்தாத சட்டம் இரண்டு பேரின் பதின்மூன்று வருடத்தைத் தின்றிருக்கிறது.

2023இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணல்ல, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதாக மே 9ஆம் திகதி சபாநாயகர் அறிவித்தார். அதற்குப் பிறகு சட்டமூலம் நிம்மதியாகத் தூங்கி, 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. இப்போது 225 பேர் கொண்ட சபையில் ஆளுந்தரப்பிடம் 159 ஆசனங்கள் இருக்கின்றன. சாதாரணப் பெரும்பான்மைக்கு வேண்டியதைவிடக் கை அதிகம், தூக்குவதற்குத்தான் ஆளில்லை. அந்தச் சபை கூடும் கட்டிடத்தை வரைந்தவர் ஜெஃப்ரி பாவா. அவர் ஆண்களை நேசித்தவர் என்பதை அவரைப் பற்றி எழுதியவர்கள் ஒளிக்கவில்லை. பெந்தோட்டையிலுள்ள அவரது லுனுகங்கைத் தோட்டத்தைப் பார்க்க உலகமெல்லாமிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாவா வரைந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் 365ஐக் காப்பாற்றி வருகிறார்கள்.

என் கோரிக்கைக்கு முன்னுதாரணமும் இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து இங்கே வாழ்ந்தவர். 1975இல் அரசாங்கம் அவருக்கு வதிவிட விருந்தினர் என்ற அந்தஸ்தைக் கொடுத்தது. 2008இல் இறந்தபோது எங்கள் பொரளைக் கனத்தையில்தான் அடக்கம் செய்தார்கள்: தன் 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலை யாருக்குச் சமர்ப்பித்தாரோ அந்த நண்பர் லெஸ்லி ஏக்கநாயக்கவுக்குப் பக்கத்தில், ஏக்கநாயக்க குடும்பத்தின் நிலத்தில். அவர்களுடைய நட்பு எந்தக் கட்டத்துக்குள் அடங்கும் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே யாரும் படிவத்தோடு வந்து "உறவு" என்ன என்று கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

அதே கனத்தையில் 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு தொடங்கியதையும் ஊர் அறியும். கனத்தையில் கூடிய கூட்டம் பொரளைத் தமிழர் வீடுகளை நோக்கித் திரும்பியது. அந்த ஜூலையையும் ஓர் ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளையில் வருகிற ஆசையையும் ஒரே கொழும்புத் தமிழ்ப் பையனின் தலையில் வைத்து ஷியாம் செல்வதுரை 'ஃபனி போய்' எழுதினார். நாவல் வெளிவந்தது 1994இல். அடுத்த வருடம்தான் சட்டத்தில் பெண்களையும் சேர்த்தார்கள். நாங்கள் இலக்கியத்துக்கு ஆற்றும் எதிர்வினை எப்போதும் உடனடியானது.

ஆகவே, கீழ்க்காணும் நிபந்தனைகளுக்கு உடன்பட்டு விண்ணப்பிக்கிறேன். சிகிரியாவுக்கும் பின்னவலைக்கும் வெளிநாட்டவருக்கான கட்டணத்தையே கட்டுவேன். முச்சக்கரவண்டிக்காரர் கேட்கிற தொகையை மறுபேச்சில்லாமல் கொடுப்பேன். பொரளைச் சந்தியை வியப்போடு பார்ப்பேன். வேண்டுமானால் வெலிக்கடைச் சிறையின் மதிலையும் படமெடுப்பேன். அந்த மதிலின் உள்பக்கத்தைப் பார்க்கும் தகுதி எனக்குச் சட்டப்படி ஏற்கெனவே இருப்பதால், வெளிப்பக்கத்தோடு திருப்திப்படுகிறேன். முப்பது நாள் விசா போதும், புதுப்பித்துக்கொள்வேன். பதிலுக்கு நான் கேட்பது, தாங்கள் அவர்களுக்குக் கொடுக்க நினைத்த அதே வரவேற்பை. துணைவருக்கும் சேர்த்து.

கடைசியாக, பதில் கடிதம் பற்றி இரண்டு வேண்டுகோள். வானவில் சின்னம் போட்ட உறையில் அனுப்பவேண்டாம். தபால்காரர் கேற்றில் அன்ரியின் கையில்தான் கொடுப்பார். அடுத்தது, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி என்பதால் தயவுசெய்து தமிழில் எழுதுங்கள். எனக்குச் சிங்களம் பேசவரும், அரசாங்கச் சிங்களம் வாசிக்க வராது. வழக்கம்போலச் சிங்களத்தில் அனுப்பினீர்களானால், வாசித்து விளக்கம் சொல்லும்படி கீழே அன்ரியிடம்தான் கொடுக்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொரளைவாசி ஒருவர்

பிரதி: கிடையாது. பிரதி எடுக்கும் கடைக்காரர் வாசிப்பார்.