ஒரே குளிர்காலத்தில் கிட்டாரை வெடிக்கவைப்பது எப்படி?

கனடாவுக்கு வந்து இத்தனை காலமாகியும் கிட்டார் முழுசாக இருக்கிறதே என்று கவலைப்படுபவர்களுக்கு இந்தக் குறிப்புகள். டொராண்டோ, வின்னிபெக், கால்கரிக்காரர்கள் அப்படியே கடைப்பிடிக்கலாம். சென்னையில் இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம், அங்கே காற்று ஒத்துழைக்காது.

முதலில் தோதான கிட்டார் வேண்டும். கடைக்காரர் ஒட்டுப்பலகையில் செய்ததை எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பலகை லேசில் அசையாது. எத்தனை குளிர்காலம் வந்தாலும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கும். முகப்பு அசல் ஸ்ப்ரூஸ் மரம், முதுகு அசல் ரோஸ்வுட் என்று கேட்டு, விலையைப் பார்க்காமல் வாங்குங்கள். அந்த முகப்புப் பலகையின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஆறு கம்பிகளும் சேர்ந்து அதை ஏறக்குறைய 70 கிலோ பாரத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும். மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். உள்ளே குறுக்காக ஒட்டியிருக்கும் சட்டங்களோ அதை நகரவிடாது. சுருங்கியும் ஆக வேண்டும், நகரவும் வழியில்லை என்றால் பலகை என்ன செய்யும்? நம் திட்டமே அதுதான்.

அடுத்தது காற்று. இதற்குத் தனிச் செலவு கிடையாது. வெளியே மைனஸ் 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வானிலை அறிக்கையில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அவ்வளவு குளிர்ந்த காற்று நிரம்பத் தாங்கினாலும் அதில் இருப்பது ஒரு சிட்டிகை நீராவிதான். அதே காற்று வீட்டுக்குள் நுழைந்து 21 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கிட்டாருக்குத் தேவையோ 45 முதல் 55 வரை. நீங்கள் குளிப்பது, துணி காயப்போடுவது, அடுப்பில் ரசம் கொதிப்பது எல்லாம் காற்றில் ஈரத்தைக் கூட்டிவிடும். ஆகவே சமையலறைப் பக்கம் கிட்டாரைக் கொண்டுபோகாதீர்கள். ஹீட்டரின் சூடான காற்று தரையிலிருந்து கிளம்பும் துவாரத்துக்கு நேர் மேலே, வரவேற்பறைச் சுவரில் கொக்கி அடித்து மாட்டுங்கள். விருந்தாளிகள் பார்க்க வேண்டுமே! கிட்டாரோடு வந்த கெட்டிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அதற்குள் வைத்து மூடினால் ஒரு துண்டு ஈர ஸ்பாஞ்சே போதும், கிட்டார் பிழைத்துக்கொள்ளும். துளை போட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஸ்பாஞ்சைப் போட்டுப் பெட்டிக்குள் வைக்கிற கஞ்சர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கிட்டார் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது என்பது வருத்தமான செய்தி.

ஈரமானி வாங்கத்தான் வேண்டும் என்றால் மலிவானதாக வாங்கி, அது காட்டுவதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூடியில் உப்பைக் கொட்டி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, மானியோடு சேர்த்து ஜிப் பைக்குள் ஒரு ராத்திரி அடைத்து வைத்தால் காலையில் 75 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு பிசகு என்று தெரிந்துபோகும். அந்த வம்பு நமக்கு எதற்கு?

ஜனவரியில் பலன் தெரிய ஆரம்பிக்கும். கழுத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட் கம்பிகளின் நுனி விரலைக் கீறும். உலோகம் வளரவில்லை, விரல்பலகைதான் ஒடுங்கியிருக்கிறது. ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு நேரான ஸ்கேலைக் குறுக்கே வைத்தால், லேசாக மேடிட்டிருக்க வேண்டிய முகப்பு குழிந்திருக்கும். கம்பிகள் தாழ்ந்து ஃப்ரெட்டில் இடித்து 'ஸ்ர்ர்' என்று இரையும். இந்த நேரத்தில் ஈரத்தைப் பற்றி யோசித்தால் எல்லாம் கெட்டது. கம்பிதான் சரியில்லை என்று மாற்றுங்கள். போதாதென்றால் பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலை எடுத்துவிட்டு உயரமான ஒன்று போடச் சொல்லுங்கள். ஜூலையில் புழுக்கம் வந்து முகப்பு உப்பி, கம்பிகள் எட்டாத உயரத்துக்குப் போனதும் பழைய சேடிலைத் திரும்பப் போடலாம். பழுதுபார்ப்பவருக்கும் குடும்பம் இருக்கிறது.

அவசரக்காரர்களுக்கு வேறொரு வழி. காரின் டிக்கியில் ராத்திரி முழுக்க உறைந்த கிட்டாரை உள்ளே கொண்டுவந்த கையோடு பெட்டியைத் திறந்துவிடுங்கள். மெருகுப்பூச்சில் மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடும். பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் விட்டுவைக்கும் பொறுமைசாலிகளுக்கு இந்த அழகு கிட்டாது.

கடைசியில் ஒருநாள் யாரும் தொடாமலே 'டக்' என்று கேட்கும். ரேகையோடு ரேகையாக ஒரு கோடு. "வில்லி நெல்சன் கிட்டாரில் ஓட்டையே இருக்கிறது, வாசிக்கவில்லையா?" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அமெரிக்கப் பாடகரான அவருடைய மார்ட்டின் என்-20 கிட்டார் 1969-இல் வாங்கியது. பல்லாண்டு வாசித்துத் தேய்த்த ஓட்டை அது. நம்முடையது வாசிக்காமலே வந்தது, பெருமை நமக்குத்தான் அதிகம்.

பதறி, ஸ்பாஞ்சைத் தண்ணீர் சொட்டச்சொட்ட ஒலித்துளைக்குள் திணிப்பது மேல்படிப்பு. உள்ளே ஈரக்கறை படிந்து, ஒட்டும் விட்டுவிடலாம். பழுதுபார்ப்பவரிடம் மட்டும் உடனே போகாதீர்கள். அவர் கிட்டாரை ஈரப்பதத்தோடு பெட்டிக்குள் ஓரிரு வாரம் கிடத்துவார். விரிசல் பெரும்பாலும் தானாகவே கூடிவரும். பிறகு பசை விட்டு, உள்பக்கம் சின்ன மரத்துண்டுகளை ஒட்டிக் கொடுத்துவிடுவார். நம் உழைப்பெல்லாம் வீண்.

விற்றுவிடுவதே நல்லது. விளம்பரத்தில் "அதிகம் வாசிக்கப்படாதது, சுவரில் மட்டுமே இருந்தது" என்று தாராளமாக எழுதலாம். இரண்டும் உண்மை. வாங்க வருகிறவர் கையில் ஸ்கேல் இருந்தால் மட்டும் விலையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள்.