பச்சைக் கோட்டின் சந்நிதியில்

கல்யாணப் படங்களும் வீடியோவுமாக 60 ஜிபி கொண்ட ஒரு கோப்புறையை, கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் உள்ள என் ஸ்டூடியோவின் முன்னறைக் கம்ப்யூட்டரிலிருந்து பின்னறைக் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஒரே ஒரு சுவரைத் தாண்டி அந்தப் பக்கத்துக்கு அனுப்பும் பொருட்டு, நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் நான் தொடங்கிய கைங்கரியமானது, சாப்பாட்டு வேளையில் 97 சதவீதத்தை எட்டி, அங்கே வெகுநேரம் நிஷ்டையில் அமர்ந்திருந்து, பிறகு நெட்வொர்க் கிடைக்கவில்லை என்று ஒரு வாசகத்தைக் காட்டிவிட்டு அந்தர்த்தானமாகிவிட்டது. கோபம் இன்னும் தணிந்தபாடில்லை. இந்த வியாதிக்குக் கைகண்ட பரிகாரம் ஒன்றை வாசகர்களுக்குச் சொல்வதே என் உத்தேசம். அதற்கு முன் ஒரு சிறு விஷயம்.

காப்பி ஓடும்போது அனுஷ்டிக்க வேண்டிய ஆசாரங்களை உங்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. பச்சைக் கோடு நகரத் தொடங்கியதும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். எழுந்து போனால் அது நின்றுவிடும். மௌஸைத் தொடலாகாது, திரை அணையாமலிருக்க, சுண்டுவிரலால் நூலளவு நகர்த்தலாம் என்று மட்டும் விதிவிலக்கு உண்டு. பிரிண்டரை ஓட்டுவது தோஷம். மின்விசிறியைக் கூட்டி வைப்பதும் தோஷமே. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என் மைத்துனர் கேட்டார், கேட்ட அன்றைக்கே 40இல் நின்றது. கேபிள் நிலைப்படியைக் கடக்கும் இடத்தில் ஒருவரும் காலை வைக்கக் கூடாது. அந்தக் கேபிளின் ஜாக்கில் கொக்கி ஒடிந்துபோய்விட்டபடியால், பழைய நெகட்டிவ் பிலிம் துண்டொன்றை நாலாக மடித்துச் சொருகியிருக்கிறேன். அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நிற்பது கடைப் பையனின் உத்தியோகம். “அண்ணா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடட்டா?” என்றான் நேற்று. “விட்டா போயிடும்டா, நில்லு” என்றேன். கோடு விரைவாகப் போகும்போது முகம் மலரக் கூடாது. இன்னும் 4 நிமிஷம் என்று அது அறிவிப்பதை வாய்விட்டுச் சொல்லவே கூடாது. சொன்னால் 4 நிமிஷம் 2 மணியாகும். பெண் வீட்டார் கடை வாசலில் வந்து நின்றால் வேகம் குறையும். மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தாலே போதும், நின்றேவிடும். இத்தனை நியமத்தையும் ஒன்று விடாமல் காத்து, அதன் பிறகும் 97இல் நின்றதென்றால், குற்றம் சிரத்தையில் இல்லை என்பதைச் சத்தியம் செய்து சொல்லுவேன்.

இதெல்லாம் நடப்பது எந்த ஊரில் என்று யோசிக்கும்போதுதான் வயிறு எரிகிறது. சிவசமுத்திரத்தில் காவிரி வீழ்ச்சியில் உண்டான மின்சாரம், 1902இல், சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக வந்து சுரங்க யந்திரங்களை ஓட்டிய ஊர் இது. பெங்களூர் வீதிகளுக்கு அந்த மின்சாரம் 1905இல்தான் போயிற்று. வானமண்டலத்தில் பிறந்து, பூமியையே துளைத்துக்கொண்டு போகும் நியூட்ரினோ என்னும் துகளின் சுவடுகளை, தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளும் 1965இல் கண்டறிந்ததும் இந்த ஊரில்தான். அவர்களுக்கு மேலே இருந்தது பாறை. எனக்கு நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்.

2001இல் சுரங்கம் மூடப்படும்வரை, சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சினை ஓட்டிய பெரியவர் ஒருவர் மாலையில் கடைக்கு வந்து உட்காருவார். அவர் சொன்னதைவிட நியாயமாக எந்த நிபுணரும் சொன்னதில்லை: “மணி அடிச்சா கூண்டு போவும், மணி அடிச்சா நிக்கும். ஒரு மணியும் அடிக்காம நடுவுல நிக்கிறது என்னா பழக்கம்பா?”

நிபுணர்களுக்கும் குறைவில்லை. மாரிகுப்பத்தில் ரயிலேறித் தினம் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பக்கத்துத் தெருப் பையன் கேபிளைப் பார்த்துவிட்டு, உள்ளே 8 கம்பிகள், 4 ஜோடிகள், கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும், ஒன்று பழுதானால் பெரும்பாலும் இரண்டே ஜோடியில் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும் என்றான். 9 நிமிஷ வேலை ஒன்றரை மணியாவதன் ரகசியம் அதுவாம். மின்சாரம் மிச்சம் பிடிக்க நெட்வொர்க் கார்டு தூங்கிவிடும் என்றும் சொன்னான். 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் வைரஸ், கோப்புப் பகிர்வின் பழைய எஸ்எம்பி முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக உலகமெங்கும் புகுந்தபின், அப்பதிப்பைப் புதிய கம்ப்யூட்டர்களில் முடக்கியே வைக்கிறார்கள் என்பதையும் விளக்கினான். யாவும் மெய்யாகவே இருக்கலாம். கடைசியில் ரோபோகாப்பி என்றொரு கட்டளையை உபதேசித்தான். தக்கபடி ஏவினால், அறுந்த இடத்திலிருந்தே தொடருமாம். பிரமாதம் என்றேன். ஆனால் இத்தனை தடவைதான் முயல வேண்டும் என்று வரம்பு கட்டாமல் விட்டால், அது 30 விநாடிக்கு ஒருமுறையாக 10 லட்சம் தடவை முயலும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 347 நாள். அதற்குள் மணமக்களுக்குக் குழந்தை பிறந்து, பெயர்சூட்டு விழாப் படங்களும் இதே வரிசையில் வந்து நின்றுவிடும்.

இன்று காலை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்; 71இல் இருக்கிறது. ஆல்பத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் தயவுசெய்து இந்த வாரம் போன் செய்ய வேண்டாம்.