உறுப்பினராகாமல் தப்ப இயலாத மன்றங்கள்

துறை மன்றம் என்பது, ஒரு பாடத்தை வகுப்பறையில் கட்டாயத்தின் பேரில் கற்கும் மாணவர்கள், அதே பாடத்தை வகுப்பறைக்கு வெளியே விருப்பத்தின் பேரில் கற்பதற்காகக் கல்லூரிகளில் அமைக்கப்படும் அவையாகும். 1881இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி, 1889இல் தொடங்கிய மதுரைக் கல்லூரி, 1948இல் எழுந்த டோக் பெருமாட்டி கல்லூரி, 1949இல் கருமுத்து தியாகராசர் நிறுவிய தியாகராசர் கல்லூரி என நீளும் கல்வி மரபுடைய மதுரை வட்டாரத்தில், வணிகவியல் மன்றமோ கணித மன்றமோ முத்தமிழ் மன்றமோ இல்லாத ஒரு கல்லூரியைக் காண்பது, கோடையில் வைகையில் தண்ணீரைக் காண்பதைக் காட்டிலும் அரிதாகும். அழகர் ஆற்றில் இறங்குவதற்காகத் திறந்துவிடப்படும் நீர் இக்கணக்கில் சேராது.

இத்தகைய அவைகளை ஆராயப் புகுவோர் முதலில் உறுப்பினர் தகுதி என்னும் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். அமெரிக்காவின் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் 1776ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மாணவர் சிலர் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா என்னும் கழகம், தனக்கெனக் கைகுலுக்கும் முறையும் கிரேக்கக் குறிச்சொல்லும் கொண்ட இரகசிய அமைப்பாகப் பிறந்து, பின்னர் கல்வியில் சிறந்தோரை மட்டுமே தேர்ந்து சேர்க்கும் பெருமைக்குரிய சங்கமாயிற்று. அதன் வழியில் கணிதத்திற்கென 1914இல் பை மியூ எப்சிலான், ஆங்கிலத்திற்கென 1924இல் சிக்மா டௌ டெல்டா எனத் துறைக்கொரு கிரேக்கப் பெயர் முளைத்தது. கேட்டவுடன் கணிதத் தேர்வு நினைவுக்கு வருமாறு பெயர் சூட்டும் கலையில் அந்நாட்டார் வல்லவர்.

ஆனால் தேர்ந்து சேர்க்கும் கலையை மதுரைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இறையனார் அகப்பொருள் உரை தரும் கணக்கின்படி, மூன்றாம் சங்கம் 1850 ஆண்டுகள் நடைபெற்றது. அதில் பாடியோர் 449 பேராயினும் சங்கத்தில் வீற்றிருந்தோர் 49 பேரே. போதாக்குறைக்கு, தகுதியுடைய புலவர் வந்தால் மட்டும் நீண்டு இடம்கொடுக்கும் சங்கப் பலகை ஒன்றையும் இறைவன் அருளினான் என்கின்றன திருவிளையாடற் கதைகள். பரிந்துரைக் கடிதத்துக்கு மசியாத தேர்வுக்குழு தமிழ்நாட்டு வரலாற்றில் அந்தப் பலகை ஒன்றுதான் எனலாம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கத்துக்கு அப்பலகை வாய்க்கவில்லையாயினும், பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகளை அது நடத்தியது. 'செந்தமிழ்' என்னும் இதழையும் வெளியிட்டது.

இம்மரபின் நேர் எதிர்முனையில் நிற்பவை இன்றைய துறை மன்றங்கள். 'அசோசியேஷன் ஃபீஸ்' எனப்படும் மன்றக் கட்டணம் முதலாண்டுக் கட்டணத்துடனேயே கட்டப்பட்டுவிடுவதால், மாணவர் தாம் உறுப்பினரானதை அறியாமலே உறுப்பினராகிறார். பாடத்தில் அரியர் வைத்தாலும் உறுப்பினர் பதவி பறிபோவதில்லை. நாற்பத்தொன்பது பேரைச் சேர்க்க 1850 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஊரில், அதனினும் மிகுதியான பேர் இப்போது சேர்க்கை நாளின் முற்பகலுக்குள் சேர்ந்துவிடுகின்றனர்.

மன்றத்தின் ஆண்டுப் பணி பெரும்பாலும் தொடக்க விழா, நிறைவு விழா என்னும் இரு கூறுகளை உடையது. ஜூனில் கல்லூரி திறந்தாலும் தொடக்க விழா ஆகஸ்டுக்கு முன்னர் அமைவதில்லை. இடையில் இன்டர்னல் தேர்வும் தீபாவளியும் பொங்கலும் குறுக்கிட, மார்ச்சில் நிறைவு விழா வந்துவிடுவதால், தொடங்கியது எது, நிறைவுற்றது எது என்பன தனி ஆய்வுக்குரியன. விழாவுக்கு வரும் மாணவர்க்கு 'ஓ.டி.' உண்டு, வகுப்பில் இல்லாதவரை இருந்தவராகவே கொள்ளும் இச்சலுகையே அரங்கு நிறைவதற்கான முதற்காரணம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஆகியவற்றைக் கடந்து, சிறப்பு விருந்தினரின் பட்டங்களையும் பதவிகளையும் ஒன்றுவிடாமல் ஓதும் அறிமுகவுரை முடிந்து, பொன்னாடையும் போர்த்தப்பட்ட பின்னர், அவர் எழுந்து, நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுவதாக அறிவித்துவிட்டு முக்கால் மணி நேரம் பேசுவார். அதற்குள் கடைசி வரிசையில் சமோசாத் தட்டின் இருப்பிடம் பற்றிய நம்பத்தகுந்த தகவல் பரவியிருக்கும்.

அண்மைக் காலத்தில் இவ்விழாவின் மையம் மேடையிலிருந்து புகைப்படக் கருவிக்கு நகர்ந்துள்ளது. கல்லூரிகளின் தரத்தை அளந்து தரச்சான்று வழங்குவதற்காக 1994இல் நிறுவப்பட்டு, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் 'நாக்' என்னும் குழு, நடந்த நிகழ்ச்சிகளுக்குச் சான்று கேட்கிறது. ஆகவே அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், நேரம் ஆகியவை அடியில் பதிவாகும் செயலியில் படம் எடுக்கப்படுகிறது. பின்வரிசையார் முன்வரிசைகளுக்கு இடம்பெயர்க்கப்படுகின்றனர். எதற்கென்று தெரியாத ஒரு கைதட்டலும் இரண்டாம் முறை வேண்டப்படுகிறது, முதல் முறை ஃப்ளெக்ஸ் பேனர் சட்டகத்துக்குள் முழுமையாக விழாததால். கருத்தரங்கக் கூடத்தில் செயற்கைக்கோளின் கண் சரியாகப் படாத நாளில், கணித மன்றத்தின் தொடக்க விழா பக்கத்துத் தெருவில் நடந்ததாகப் படம் சாட்சி சொல்வதும் உண்டு. அகச்சான்று, புறச்சான்று என இருவகையே கண்ட இலக்கிய ஆய்வாளர்கள் இந்த மூன்றாம் வகையை அறிந்திலர்.

இவற்றைக் கொண்டு மன்றங்கள் வீண் என முடிவு கட்டுவது பிழையாகும். பட்டிமன்ற நடுவர்களான சாலமன் பாப்பையா அமெரிக்கன் கல்லூரியிலும் கு. ஞானசம்பந்தன் தியாகராசர் கல்லூரியிலும் தமிழ்ப் பேராசிரியர்களாக இருந்தவர்கள். மேடைப் பேச்சும் கல்லூரியும் இவ்வூரில் ஒருபோதும் தொலைவில் இருந்ததில்லை. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் மாணவி ஒருத்தி, வாழ்வில் முதன்முறையாக ஒலிவாங்கியின் முன் நிற்பது பெரும்பாலும் இந்த விழாவின் இறுதியில்தான். நிகழ்ச்சி நிரலில் அதன் பெயர் நன்றியுரை. நான்காக மடித்த தாளைப் பிரித்து, முதல்வர் முதல் ஒலிபெருக்கி அமைத்தவர் வரை வரிசை பிசகாமல் படித்து, நடுவில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தாளைப் பாராமல் தானாகச் சொல்லிவிட்டு அவள் இறங்குகிறாள். அன்றைய நாளில் வகுப்பறைக்கு வெளியே நிகழ்ந்த கல்வி அந்த ஒரு வாக்கியமே. அதைப் படமெடுக்க எவரும் எஞ்சியிருப்பதில்லை, சமோசா வந்துவிடுவதால்.

எனவே மன்றப் பொறுப்பாசிரியர்கள் அடுத்த அழைப்பிதழை அச்சுக்கு அனுப்புமுன், சிறப்புரையில் பதினைந்து நிமிடத்தைக் குறைத்து அதை நன்றியுரைக்கு வழங்குமாறும், சமோசாவை அதற்குப் பின்னரே அரங்குக்குள் அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.