ஆமைக்கு ஒரு குளிர்கால பங்களா

பிரிட்டனில் ஆமை வளர்ப்போரின் பொறுப்புணர்வைப் பாராட்டியே தீர வேண்டும். குளிர்கால உறக்கத்துக்குத் தோட்டத்தில் பெட்டிக்குள் பெட்டி, இடையே தெர்மோகோல், எலி நுழையாத கம்பிவலை, வெப்பமானி. உள்ளே 5 டிகிரி இருக்க வேண்டும். 10-ஐத் தாண்டினால் ஆமை விழித்துக்கொள்ளும், உறைநிலைக்கு இறங்கினால் கண்பார்வையே போகலாம். ஆகவே உரிமையாளர் இரவெல்லாம் விழித்திருக்கிறார்.

இன்னும் பாசக்காரர்கள் தனி ஃபிரிட்ஜே வாங்கிவிடுகிறார்கள். காற்றோட்டத்துக்கு அவ்வப்போது கதவைத் திறந்துவிடும் ஊழியமும் உண்டு.

18-ஆம் நூற்றாண்டில், செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட்டின் ஆமைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. பாவம், நவம்பரில் தானே மண்ணைத் தோண்டிப் புதைந்து, ஏப்ரலில் தானே எழுந்து, இங்கிலாந்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்டது.

இயற்கையியலாளர் ஒயிட் அதை எடை போட்டார், ஒவ்வோர் அசைவையும் குறித்துவைத்தார், திமோத்தி என்ற பெயரிலேயே புகழ் சேர்த்தார். அது பெண் என்பது, இறந்தபின் ஓட்டை ஆராய்ந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.